கரண்ட் பில்லுக்குத் தூது போனேன்

ஒரு பக்கம் சொன்னதை இன்னொரு பக்கம் போய் அப்படியே சொல்வது பிழைக்கத் தெரியாதவர்கள் செய்கிற வேலை. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன், அனுபவத்தில்தான் சொல்கிறேன். எங்கள் துணியை வாங்குகிற வெளிநாட்டு பையர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிற மெயிலை நான் தையல் பிரிவுக்கு எடுத்துப் போகும்போது அதில் கோபம் இருக்காது, அவசரம் மட்டும் இருக்கும். "அவனையே வந்து தெச்சுக்கச் சொல்லுங்க மேடம்" என்று அங்கே சொல்வது, பையருக்குப் போய்ச் சேரும்போது எல்லாரும் இரவு பகலாகப் பாடுபடுகிறார்கள் என்று ஆகியிருக்கும். இரண்டு பக்கமும் என்னை நல்ல பெண் என்கிறார்கள். இந்தச் சாமர்த்தியத்தை நான் காலேஜில் படிக்கவில்லை. ஆறாவது படிக்கும்போது எங்கள் வீட்டில் ஆரம்பித்தேன். ஆரம்பித்த வேகத்தில் வீட்டுக் கரண்டையே பிடுங்க வைத்தேன்.

எங்கள் வீடு பெருமாநல்லூர் போகிற ரோட்டிலிருந்து இரண்டு சந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து கட்டியது. முன்பக்கம் பெரியப்பாவும் பெரியம்மாவும், பின்பக்கம் நாங்கள் மூன்று பேர். வாசல் ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று, கரண்ட் மீட்டர் ஒன்று. சமையலறை மட்டும் இரண்டு. ஒரே அடுப்பில் இரண்டு பெண்கள் சமைத்தால் என்ன ஆகும் என்று கட்டும்போதே யோசித்த புண்ணியவான்கள், ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் ஓடினால் என்ன ஆகும் என்பதை யோசிக்காமல் விட்டுவிட்டார்கள்.

பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும். ஒரு முறை அவர்கள் கட்ட வேண்டும், அடுத்த முறை நாங்கள். இதற்கு எழுத்து கிடையாது, வாய் வார்த்தைதான். ரீடிங் எடுக்கிறவர் வந்து வெள்ளை அட்டையில் தொகையை எழுதிவிட்டுப் போவார். அன்றிலிருந்து இருபது நாளுக்குள் கட்டிவிட வேண்டும். அட்டை பெரியம்மா பக்கத்தில் ஆணியில் தொங்கும். யார் முறையோ அவர்கள் அதை எடுத்துக்கொண்டு கரண்ட் ஆபீசுக்குப் போய் வருவார்கள். வருஷக்கணக்காக இது ஒரு குறையும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது.

அப்புறம் என் தாய்மாமா புது வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்துக்கு அழைக்க வந்தபோது பெரியம்மா கடைக்குப் போயிருந்தாள். மாமா பத்திரிகையைப் பெரியப்பா கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அம்மாவாவது சாயங்காலம் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து முன்பக்கம் போய், "அக்கா, நீங்க கட்டாயம் வந்துரோணுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு தட்டு என்ன, பாக்கு என்ன என்று அம்மா நினைத்துவிட்டாள். ஒரே வீட்டில் இருந்தால் மரியாதை வேண்டியதில்லையா என்று பெரியம்மா நினைத்துவிட்டாள். விசேஷத்துக்கு அவள் வரவில்லை. எங்கள் பக்கத்தில் இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் சத்தம் போட்டுச் சண்டை பிடிக்க மாட்டார்கள். பேச்சை நிறுத்திக்கொள்வார்கள், அவ்வளவுதான். எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடுவார்கள், முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

நாங்கள் மாமா வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்பியபோது எங்கள் முறைப் பில்லைப் பெரியம்மாவே கட்டியிருந்தாள். கடைசித் தேதி நெருங்கிவிட்டதால், அந்தக் கோபத்திலும் போய்க் கட்டியிருந்தாள். சிக்கல் அங்கேதான் விழுந்தது. அடுத்த பில் யாருடைய முறை? வரிசைப்படி அது அவர்களுடையது. எங்களுக்காகக் கட்டியதற்கு ஈடு என்று பார்த்தால் எங்களுடையது. பேசிக்கொண்டிருந்தால் அரை நிமிஷத்தில் தீர்ந்திருக்கும்.

இதற்கு நடுவில் அம்மா ஒரு காரியம் செய்தாள். அதுவரை பனியன் கம்பெனியில் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் டெய்லராக இருந்தாள். எங்கள் ஊர்க் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் என்பார்கள். காலையில் எட்டரைக்கு உள்ளே போனால் ராத்திரி எட்டரைக்குத்தான் வெளியே வர முடியும். அம்மாவின் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் நான் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைதான். ஒரு நாள் அந்த வேலையை விட்டுவிட்டு, சங்கிலியை அடகு வைத்து, பழைய ஓவர்லாக் மிஷின் ஒன்றை வாங்கிப் பின்பக்க அறையில் போட்டுவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு நான் வரும்போது வீட்டில் அம்மா இருப்பாள். இந்தச் சந்தோஷத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பூட்டிய வீட்டைத் திறந்து உள்ளே போய்ப் பழகிய எனக்கு, உள்ளே மிஷின் சத்தம் கேட்கிற வீட்டுக்குப் போவது திருவிழாவாக இருந்தது.

முதல் ஒன்றரை மாதம் அக்கம்பக்கத்துச் சில்லறை வேலைதான் வந்தது. பிறகு பெருமாநல்லூரிலிருந்து ஒரு கான்ட்ராக்டர் வந்து, குழந்தைகளுக்கான டவுசர் வெட்டிய துணிகளை மூட்டையாக இறக்கினார். அவர் பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் தைத்து, பிசிறு வெட்டி, டஜன் டஜனாகக் கட்டி வைத்திருந்தால் வாராவாரம் வேலை தருவார். தப்பினால் அடுத்த மூட்டை வேறு வீட்டுக்குப் போகும், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். அடுத்த மூட்டை வராவிட்டால் அம்மா மறுபடியும் ஒன்றரை ஷிப்டுக்குத்தான் போக வேண்டும். அதை யாரும் எனக்கு விளக்கிச் சொல்லவில்லை, எனக்கே தெரிந்தது.

பில் அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே வந்திருந்தது. மிஷின் ஓடியதால் தொகை முன்பு வந்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. யூனிட் ஏற ஏற ஒரு யூனிட்டின் விலையும் ஏறிக்கொண்டு போகிற கணக்கல்லவா அது. அட்டையைப் பார்த்த பெரியம்மாவுக்குச் சுருக்கென்றிருக்கும்.

பேசாத இரண்டு பேருக்கு நடுவில் ஒரு பிள்ளை இருந்தால் அதற்கு வேலை தானாக வந்து சேரும். மோட்டாரை நிறுத்தச் சொல்லு, கேட்டைச் சாத்தச் சொல்லு, காயப்போட்ட துணியை எடுக்கச் சொல்லு. ஆரம்பத்தில் சொன்னதைச் சொன்னபடியே கொண்டுபோய்க் கொடுத்தேன். கேட்டவர்களின் முகம் தொங்கிப்போகும், அந்தக் கோபம் என்மேல் விழும். இது நமக்கு ஆகாது என்று திருத்திச் சொல்ல ஆரம்பித்தேன். தொட்டி நிறைந்து ஓடுகிறதே, கண் தெரியவில்லையா என்று பெரியம்மா கேட்கச் சொன்னால், நான் அம்மாவிடம் போய், "நீங்க மிஷின்ல இருப்பீங்களாமா, மோட்டாரை நானே நிறுத்திக்கறேன், சிரமப்பட வேண்டாம்னு பெரீம்மா சொன்னாங்க" என்பேன். மோட்டாரை நானே போய் நிறுத்திவிடுவேன். அம்மாவின் முகம் இளகும். வடகத்தைக் காக்கை தின்கிறது, பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறார்களே என்று அம்மா முணுமுணுத்தால், பெரியம்மாவிடம் அது "அக்கா சாப்டாங்களான்னு கேட்டுட்டு வா" என்று போய்ச் சேரும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாம் என்கிறார்கள். நான் ஒரு நாளைக்கு நாலு பொய்யில் ஒரு குடும்பத்தையே நடத்திக்கொண்டிருந்தேன். எனக்கு அதில் பெருமைதான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொள்வேன்.

பில் விஷயத்தில் அம்மா சொல்லி அனுப்பியது இது: வரிசைப்படி இந்த முறை அவர்களுடையது, போன முறைக்கான பணத்தைச் சம்பளம் வந்ததும் தனியாகக் கொடுத்துவிடுவோம். பெரியம்மா சொல்லி அனுப்பியது இது: மிஷினை ஓட்டுகிறவர்கள் பில்லைக் கட்டட்டும். இரண்டையும் நான் அப்படியே பரிமாறியிருந்தால் அன்றைக்கே பானை உடைந்திருக்கும். அதனால் அம்மாவிடம், "பெரீம்மா பில்லைப் பார்த்துக்கறாங்களாமா, கண்ணு நீ வெசனப்படாம தெய்யின்னாங்க" என்றேன். பெரியம்மாவிடம், "அம்மாவே கட்டிக்கிறாங்களாம், போன தடவையே அக்காவுக்குச் செலவு வச்சுட்டோம்னு வருத்தப்பட்டாங்க" என்றேன்.

பலன் உடனே தெரிந்தது. அன்று மத்தியானம் அம்மா ஒரு கிண்ணம் அரிசிம்பருப்பு சாதத்தை மூடி வைத்து, கொண்டுபோய் முன்பக்கம் கொடு என்றாள். கிண்ணம் வெறுமனே திரும்பவில்லை, கொஞ்சம் முறுக்கோடு வந்தது. நான் அந்த முறுக்கைத் தின்றுகொண்டே, இவ்வளவு நல்லவர்கள் இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஒரு பில் கட்டப்படாமல் போய்விடுமா என்று நினைத்தேன். யாராவது ஒருவர் கட்டிவிடுவார்கள். அந்த அளவுக்கு எனக்கு என்மேல் நம்பிக்கை.

இருபது நாள் ஓடிப்போனது. அதற்குமேலும் இரண்டு நாள் போனது. அம்மா டவுசர்களுக்கு நடுவில் தலையைக் கவிழ்த்தவள் நிமிரவில்லை. அட்டையும் ஆணியில் இல்லை. அம்மா கட்டுவதற்கு எடுத்துப் போயிருக்கிறாள் போல என்று நான் நினைத்துக்கொண்டேன். பெரியம்மாதான் எடுத்து வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

டவுசரைக் கொடுக்க வேண்டிய வெள்ளிக்கிழமையும் வந்தது. காலாண்டுப் பரீட்சை லீவு. அப்பாவும் பெரியப்பாவும் கம்பெனி வேனில் ஏறிப் போய்விட்டார்கள். அம்மா விடியற்காலையிலேயே மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். இன்னும் எட்டு டஜன் பாக்கி. மத்தியானத்துக்குள் முடித்துவிடுவேன் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே தைத்தாள். ஒன்பதரை மணி இருக்கும், வாசலில் லைன்மேன் வந்து நின்றார். அவரும் எங்கள் ஊர்க்காரர்தான், மரியாதைக்குக் குறைவில்லை.

"ஏனுங்க, பில்லு கட்டலீங்களாட்ட இருக்குதுங்க. லிஸ்ட்ல பேரு வந்துருச்சுங்க" என்று சொல்லிவிட்டு, மீட்டர் பலகையிலிருந்த ஃபியூஸ் கட்டையைப் பதமாகப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

பின்பக்கம் மிஷின் பாதித் தையலில் நின்றது. முன்பக்கம் கிரைண்டர் நின்றது. இரண்டு பேரும் வாசலுக்கு வந்தார்கள். மூன்று மாதத்தில் அவ்வளவு பக்கத்தில் அவர்கள் நின்று நான் பார்த்ததில்லை. அப்போதும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டு பேரும் லைன்மேனைத்தான் பார்த்தார்கள். பில்லை அவங்க கட்டறதாச் சொன்னாங்களேங்க என்று அம்மா அவரிடம் சொன்னாள். நான் எப்பங்க சொன்னேன், அவங்கதானுங்க கட்டறேன்னு சொல்லி உட்டாங்க என்று பெரியம்மாவும் அவரிடமே சொன்னாள். எங்கள் பக்கத்தில் கோபம் ஏற ஏற 'ங்க'வும் ஏறும். அன்று ஒவ்வொரு வார்த்தைக்கும் இரண்டு 'ங்க' விழுந்தது. என் வேலையை ஐந்து நிமிஷம் பார்த்த பாவத்துக்கு லைன்மேன் வியர்த்துப்போனார். ஆபீசில் பணத்தைக் கட்டி ரசீதைக் கொண்டுவாங்க, வந்து மாட்டிவிடுகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனதும் இருவருக்கும் பார்க்க வேறு ஆள் இல்லை. இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் முதலில் சிரித்துப் பார்த்தேன், நடக்கவில்லை. யார் என்ன சொன்னார்கள் என்று அம்மா கேட்டாள். யார் என்ன சொன்னார்கள் என்பது எனக்கே அப்போது சரியாக ஞாபகம் இல்லை. திருத்தியதுதான் ஞாபகம் இருந்தது. அதைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அம்மாவின் கை என் முதுகில் விழுந்தது. இரண்டாவது அடிக்குக் கை ஓங்கியபோது பெரியம்மா குறுக்கே வந்துவிட்டாள்.

"புள்ளைய எதுக்குங்க அடிக்கறீங்க. நாம பேசியிருந்தா அது எதுக்குப் பொய் சொல்லுது."

அம்மா ஓங்கிய கையை அப்படியே இறக்கினாள். உள்ளே போய் அரிசி டப்பாவைக் கவிழ்த்தாள். வெள்ளிக்கிழமைக் காலையில் எங்கள் ஊரில் யார் கையிலும் காசு இருக்காது. சனிக்கிழமை சாயங்காலம்தான் வாரச் சம்பளம். டப்பாவில் இருநூறு சொச்சம் இருந்தது. பக்கத்து வீட்டில் கேட்கலாமே என்றேன். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நாளில் எந்த வீட்டிலிருந்தும் பணம் வெளியே போகாது, கேட்டால் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்றாள். பிறகு பாதி தைத்த டவுசரை மடியில் வைத்துக்கொண்டு மிஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். நின்றுபோன மிஷினுக்கு முன்னால் ஏன் உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. அம்மாவின் கண் நிறைந்திருந்தது. எனக்கு அடி வலிக்கவில்லை, அதைப் பார்த்ததுதான் வலித்தது. திங்கட்கிழமையிலிருந்து மறுபடியும் பூட்டிய வீடு, மறுபடியும் ராத்திரி எட்டரை. எல்லாம் என் வாயால்.

முன்பக்கத்தில் மொபெட் உதைக்கிற சத்தம் கேட்டது. பெரியப்பா வேனில் போகிற நாட்களில் அந்த வண்டி பெரியம்மாவுடையது. எங்கள் சந்திலேயே நன்றாக வண்டி ஓட்டுகிற பெண் அவள்தான். பின்கதவுக்கு வந்து நின்று, அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "உங்கம்மாள வண்டியில வந்து ஏறச் சொல்லு."

அம்மா இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பி, "உங்களை வண்டியில வந்து ஏறச் சொன்னாங்க" என்றேன். ஒரு எழுத்துக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. திருத்த ஆரம்பித்த பிறகு நான் சொன்னபடியே கொண்டுபோய்ச் சேர்த்த செய்தி அது ஒன்றுதான்.

முன்னால் பெரியம்மா, பின்னால் அம்மா, நடுவில் நான். மொபெட் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் நடுவில் இருக்கிறவருக்கு மூச்சு விட இடம் இருக்காது. ஒவ்வொரு வேகத்தடையிலும் இரண்டு பேரும் என்னை நசுக்கினார்கள்.

கரண்ட் ஆபீசில் வரிசை நீளமாக இருந்தது. எங்கள் முறை வந்தபோது கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் ஊழியர் தொகையைச் சொன்னார், மறுபடியும் இணைப்புக் கொடுக்கிற கட்டணத்தையும் சேர்த்துச் சொன்னார். பெரியம்மா இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தாள். அதற்குள் நான்காக மடித்த வெள்ளை அட்டை. அட்டைக்குள் பணம். எண்ணிப் பார்க்காமல் அப்படியே நீட்டினாள். உள்ளே இருந்தவர் எண்ணிப் பார்த்தார். அட்டையில் எழுதியிருந்த தொகை சில்லறை வரைக்கும் சரியாக இருந்தது. மேற்கொண்டு போட்ட கட்டணம் மட்டும் குறைந்தது. அதை அம்மா அரிசி டப்பாப் பணத்திலிருந்து கொடுத்தாள். வெள்ளிக்கிழமையும் அதுவுமாகப் பெரியம்மா பணத்தை வெளியே எடுத்ததைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். பெரியம்மாவிடம் நிறையப் பணம் இருக்கும்போல, எதை எடுத்தாலும் சரியான தொகை வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். அம்மா மட்டும் அந்த மடிப்பு விழுந்த நோட்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரசீதை வாங்கியாகிவிட்டது, இனி லைன்மேனைப் பிடிக்க வேண்டும். அவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. மொபெட்டில் தெருத்தெருவாகச் சுற்றினோம். கடைசியில் ஒரு பேக்கரி வாசலில் டீயும் பன்னுமாக அகப்பட்டார். இன்னும் நாலு இடம் பாக்கி இருக்கிறது, சாப்பிட்டுவிட்டு மூணு மணிக்கு வருகிறேன் என்றார். மூணு மணிக்கு மாட்டினால் அம்மா தைக்கவா, கட்டவா? பெரியம்மா வண்டியிலிருந்து இறங்காமலே பேசினாள். என் தங்கச்சிக்கு இன்னைக்கு மொத சரக்குப் போகோணுங்க, நீங்க இந்த டீயை எங்க ஊட்ல வந்து குடியுங்க, நானே போட்டுத் தாரேன் என்றாள். அவள் குரலில் கெஞ்சல் இல்லை. வேறு வழி எதையும் அவருக்கு விட்டு வைக்காத மரியாதை அது. அவர் பன்னைப் பொட்டலம் கட்டிக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்துவிட்டார். தங்கச்சி என்று அவள் சொன்னபோது என் முதுகில் ஒட்டியிருந்த அம்மா அசைந்ததை உணர்ந்தேன்.

ஃபியூஸ் கட்டை மாட்டும்போது பன்னிரண்டே முக்கால். அம்மா ஓடிப் போய் மிஷினில் உட்கார்ந்தாள். லைன்மேனுக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டு, பெரியம்மா தன் பாயையும் கத்தரியையும் எடுத்துக்கொண்டு பின்பக்க அறைக்கு வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. தைத்து விழுகிற டவுசரை எடுத்துப் பிசிறு வெட்ட ஆரம்பித்தாள். எனக்கு டவுசரைத் திருப்பி, பன்னிரண்டு பன்னிரண்டாக அடுக்கிக் கட்டுகிற வேலை. வேலையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள். இந்தப் பக்கம் ஒரு தையல் விட்டிருக்குதுங்க. ஆமாங்க, குடுங்க. அந்த நூலைச் சித்தே நவுத்துங்க. நேராகவே பேசிக்கொண்டார்கள், எனக்கு வேலை இல்லை.

நாலு மணிக்குக் கான்ட்ராக்டர் வந்தபோது கடைசி டஜனை நான் கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு கட்டைப் பிரித்து, தையலை இழுத்துப் பார்த்து, பிசிறு சுத்தமாக இருக்கிறதே, யார் வெட்டினது என்று கேட்டார். "எங்கக்காங்க" என்றாள் அம்மா. பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டு பாயில் கிடந்த நூல் துண்டுகளைக் கூட்டினாள். அடுத்த வாரம் இரண்டு மூட்டையாகத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அன்றோடு என் உத்தியோகம் போயிற்று. தொட்டி நிறைந்தால் பெரியம்மா நேராகவே கத்துவாள், அம்மா நேராகவே பதில் கத்துவாள். நான் அழகாகத் திருத்திச் சொன்ன காலத்தைவிட வீட்டில் சத்தம் அதிகமாக இருந்தது. என் அருமை இவர்களுக்குத் தெரியவில்லையே என்று கொஞ்ச நாள் வருத்தமாகக்கூட இருந்தது.

அம்மாவிடம் இப்போது நாலு மிஷின். பிசிறு பார்ப்பது, எண்ணுவது, வேனில் ஏற்றுவது எல்லாம் பெரியம்மாதான். போன வருஷம் பின்பக்கத்துக்குத் தனி மீட்டர் வாங்கினோம். ஆள் வந்து புது மீட்டரை மாட்டிக்கொண்டிருந்தபோது நானும் பெரியம்மாவும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று எனக்குச் சம்பளம் ஏறியிருந்தது, வாய் சும்மா இருக்கவில்லை. "அந்த வயசுலயே ரெண்டு பேரையும் நான் எப்படி ஏமாத்துனேன் பாத்தீங்களா பெரீம்மா" என்றேன்.

பெரியம்மா மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏமாத்துனயா? உங்கம்மா பேச்சு எது, உன் பேச்சு எதுன்னு எனக்குத் தெரியாதா சாமி. அவ கட்டறேன்னு சொல்லலீன்னு நீ வாயத் தொறந்தப்பவே தெரியும். மக்யா நாளே, விடிஞ்சதும் பணத்தை எடுத்து அட்டைக்குள்ள வச்சுட்டேன். போயிக் கட்டியிருப்பேன். நான் கட்டிப்போட்டா அவ சொன்னது பொய்யின்னு ஆயிப்போகுமில்ல. ஒருவேளை அவ நெசமாலுமே சொல்லியிருந்தா? வந்து அட்டையைக் கேப்பான்னு பாத்துட்டே இருந்தேன். இன்னைக்குக் கேப்பா, நாளைக்குக் கேப்பான்னு தேதி போயிருச்சு."

நானும் மீட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன். பொய்யை நம்புகிறவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று அந்த வயதில் நினைத்திருந்தேன். பொய்யென்று தெரிந்தும் ஒருத்தி, அது மெய்யாகிவிடாதா என்று பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருபது நாள் காத்திருப்பாள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.